ஓடுபாதையும் வட்டத்தின் சுற்றளவும்

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பந்தயங்களில், மகளிருக்கான 400 மீட்டர் தடை ஓட்டத்தை பி. டி. உஷா 55.42 விநாடிகளில் முடித்து நான்காம் இடம் பெற்றார். மூன்றாமவராக வந்த ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41 விநாடி. 400ஐ 55.42ஆல் வகுத்தால் உஷாவின் சராசரி வேகம் விநாடிக்குச் சுமார் 7.2 மீட்டர் ஆகும். ஆகவே ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்கு என்பது ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் தூரம். நான்கு விரற்கடை எனலாம். பதக்கத்தைத் தீர்மானிக்கும் இடைவெளி இத்துணைச் சிறிதாயின், ஓடுவோர் அனைவருக்கும் தூரம் சமமாய் இருத்தல் எவ்வளவு இன்றியமையாதது என்பதை விளக்க வேண்டுவதில்லை.

ஓடுபாதை என்பது இரண்டு நேர்ப்பகுதிகளும் இரண்டு அரைவட்டங்களும் சேர்ந்தது. வெளித்தடத்தில் ஓடுபவர் பெரிய வட்டத்தைச் சுற்ற வேண்டியிருப்பதால், அவரைச் சற்று முன்னால் நிறுத்துகிறோம். எவ்வளவு முன்னால்? உள்தடத்தின் ஆரத்தோடு ஒரு தடத்தின் அகலத்தைக் கூட்டினால் அடுத்த தடத்தின் ஆரம் கிடைக்கும். இரண்டு சுற்றளவுகளையும் கழித்துப் பார்க்கும்பொழுது ஆரம் மறைந்துவிடுகிறது. எஞ்சுவது தடத்தின் அகலத்தைப் போல் 2π மடங்கு மட்டுமே. அகலம் 1.22 மீட்டர், அதாவது பழைய 4 அடி. எனவே தடத்திற்குத் தடம் 7.67 மீட்டர் முன்தள்ள வேண்டும்.

மைதானம் பெரிதாயினும் சிறிதாயினும் இவ்வளவு மாறாது. பாதை 400 மீட்டருக்குப் பதில் 200 மீட்டர்தானே, முன்தள்ளலும் பாதியாகட்டும் என்று எண்ணுவது இயல்பு; ஆயினும் தவறு. 200 மீட்டர் பாதையில் ஒரு முழுச் சுற்றுக்கு 7.67 மீட்டரே வேண்டும். அதிலேயே 400 மீட்டர் ஓட்டத்தை முழுவதும் தனித்தடங்களில் நடத்தினால் சுற்று இரண்டாவதால் 15.33 மீட்டர் வேண்டும். கணித ஆசிரியர்கள் சூத்திரத்தை முன்கூட்டிச் சொல்லாமல், இருவேறு ஆரங்களை மாணவர்களுக்குக் கொடுத்து விடை ஒன்றாதலை அவர்களே காணும்படி செய்தல் நலம்.

தூரத்தை எக்கோட்டின் மீது அளப்பது என்பதிலும் விதி உண்டு. உயர்ந்த விளிம்பு கட்டிய பாதையில், முதல் தடத்தை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், ஏனைய தடங்களை அவற்றின் உட்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியும் அளப்பர். 36.50 மீட்டர் ஆரமுள்ள சர்வதேசப் பாதையில் இரண்டாம் தடத்தின் முன்தள்ளல் 7.04 மீட்டராகவும், எட்டாம் தடத்தினது 53.03 மீட்டராகவும் அமைவது இதனாலேயே. சுண்ணாம்புக் கோடு மட்டும் இடும் பள்ளி மைதானத்தில் எல்லாத் தடங்களுக்கும் 20 சென்டிமீட்டரே கணக்கு.

நான்கு தடங்கள் கொண்ட 200 மீட்டர் பாதையை எடுத்துக்கொள்வோம். உட்கோட்டின் ஆரம் 18 மீட்டர். அளவுக்கோட்டின் ஆரம் 18.20. அதன் சுற்றளவு 114.35 மீட்டர். எஞ்சிய 85.65 மீட்டரைப் பாதியாக்கினால் ஒவ்வொரு நேர்ப்பகுதியும் 42.82 மீட்டர் ஆகும். இதற்கு 89 மீட்டர் நீளமும் 46 மீட்டர் அகலமும் உள்ள நிலம், சுற்றிலும் சிறிது இடம் விட்டு, போதுமானது. π-க்கு 3.1416 என்னும் மதிப்பைக் கொள்க. 22/7 என்று கொண்டால் முன்தள்ளலில் மில்லிமீட்டர் அளவே பிழை நேரும். ஓடுவோருள் எவருக்கும் பெரிய அநீதி இல்லை. ஆனால் சர்வதேசப் பாதையின் மொத்த நீளம் 9 சென்டிமீட்டர் குறைந்துபோகும்.

உண்மையான ஆபத்து நாடாவைப் பிடிக்கும் முறையில் இருக்கிறது. முடிவுக்கோடு, நேர்ப்பகுதி முடிந்து வளைவு தொடங்கும் இடத்தில் இருக்குமாயின், முன்தள்ளல் முழுவதும் வளைவின் மீதே விழும். நான்காம் தடத்திற்குரிய 23 மீட்டரை, வளைவோடு செல்லாமல் நாடாவை நேராக இழுத்துக் குறித்தால், அத்தடத்தில் ஓடுபவருக்கு 1.2 மீட்டர் இலவசமாகக் கிடைத்துவிடும். உஷா இழந்ததைப் போல் பதினைந்து மடங்கிற்கும் மேல்!

வளைவில் அளப்பது கடினமாகையால், மேற்கூறிய பாதைக்கு உரிய நாண் நீளங்களைத் தருகிறோம். முடிவுக்கோட்டில் அந்தந்தத் தடத்தின் அளவுக்கோட்டுப் புள்ளியில் முளை அடித்து, எஃகு நாடாவை நேராக இழுத்து, இரண்டாம் தடத்திற்கு 7.62 மீட்டரும், மூன்றாவதற்கு 14.98 மீட்டரும், நான்காவதற்கு 21.95 மீட்டரும் அளந்து, நாடாவின் நுனி அதே அளவுக்கோட்டைத் தொடும் இடத்தைக் குறிக்கவும். பின்னர் அரைவட்டத்தின் மைய முளையிலிருந்து அவ்விடத்திற்குக் கயிறு பிடித்து, கயிற்றின் வழியே தடத்தின் குறுக்கே புறப்பாட்டுக் கோட்டை இடவும்.