பென்டிரைவுக்கு ஒரு தனி வாசல்

சங்கரன்கோவில் போன்ற தாலுகா ஊரில் ஆதார் நகல், டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பம், விசைத்தறி பில் எல்லாம் ஜெராக்ஸ் கடைக் கணினியின் ஒரே யுஎஸ்பி வழியாகத்தான் வந்து போகின்றன. ஒருவர் கொண்டுவந்த ஷார்ட்கட் வைரஸ் அடுத்தவர் பென்டிரைவில் ஏறிப் போக அதுவே போதும். ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்பார்கள்; அறிமுகமில்லாத வைரஸை அது தவறவிடலாம். கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் இயந்திரம் வைத்து, வெளியார் பென்டிரைவை அதற்குள் மட்டுமே திறக்க வேண்டும் என்பது என் வாதம். விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் அங்கே சும்மா கிடக்கும். லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலேயே பாஸ் லினக்ஸ் வந்தது.

பென்டிரைவைச் செருகிய பிறகு மெனுவில் தேடி லினக்ஸுக்கு மாற்றினால், அதற்குள் விண்டோஸ் அதைப் பார்த்துவிடும். ஆகவே செருகியதுமே அதை லினக்ஸுக்குத் திருப்பிவிடும் யுஎஸ்பி ஃபில்டரை விர்ச்சுவல்பாக்ஸில் முன்கூட்டியே போட வேண்டும். ஃபில்டரை வெறுமையாக விட்டால் பிரிண்டரையும் கைரேகைக் கருவியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்; ஒரு கருவி ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் இருக்க முடியும் என்பதால் வேலை நின்றுவிடும். சான்டிஸ்குக்கு 0781, கிங்ஸ்டனுக்கு 0951 என நிறுவன எண்ணை மட்டும் கொடுத்து, ஃபில்டரின் மற்ற கட்டங்களைக் காலியாக விடுங்கள். பட்டியலில் இல்லாத பிராண்டுக்காக விண்டோஸில் ஆட்டோபிளேயை அணைத்துவையுங்கள். 2022-இல் வந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 பதிப்பு முதல் யுஎஸ்பி 2, 3 வசதிகள் அடிப்படைத் தொகுப்பிலேயே உள்ளன. அதற்காகக் கடைக்காரர் தனி உரிமம் தேட வேண்டியதில்லை.

லினக்ஸில் திறந்த ஃபைலை அச்சுக்காக விண்டோஸுக்குக் கொண்டுவரும் பகிர்வு ஃபோல்டரில்தான் பலர் தாராளமாகிவிடுகிறார்கள். டி டிரைவ் முழுவதையும் பகிர்ந்தால் தனி இயந்திரம் வைத்ததற்கே பொருளில்லை. அச்சுக்கென ஒரே ஒரு ஃபோல்டர் போதும். பகிர்வுக்குத் தேவையான கெஸ்ட் அடிஷன்ஸை லினக்ஸில் நிறுவியும் அனுமதி மறுக்கப்பட்டால், பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் (vboxsf) குழுவில் சேர்த்து மறுபடி லாகின் செய்யுங்கள். வைரஸ் அந்த ஃபோல்டர் வழியாகவும் வருமே என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் வேர்டு ஃபைலை அப்படியே அனுப்பாமல், லிப்ரே ஆபிஸில் பிடிஎஃப் ஆக்கி அதை மட்டும் வைக்கச் சொல்கிறேன். பாமினி, வானவில் எழுத்துருக்களை லினக்ஸிலும் நிறுவாவிட்டால் தமிழ் மனு வெறும் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். லினக்ஸ் இயந்திரத்தின் சுத்தமான நிலையைச் சேமித்துவைத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் தினமும் திரும்பினால் உள்ளே தங்கியது அழியும். ஆனால் பகிர்வு ஃபோல்டர் விண்டோஸ் பக்கம் இருப்பதால் ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது. அதில் கிடக்கும் பிறர் ஆதார் நகல்களைக் கடை அடைக்கும்முன் கையால் அழிக்க வேண்டும்.