வேளாங்கண்ணித் திருப்பயண மரபில் தடையும் விடாமுயற்சியும்: ஆற்றுப்படை நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை பேராலயத்தைச் சார்ந்து வழங்கும் மூன்று வாய்மொழிக் கதைகளையும் அங்கு நிகழும் பாதயாத்திரையையும் ஆற்றுப்படை நோக்கில் அணுகுகிறது இக்கட்டுரை. இம்மரபில் தடை நீங்குதல் பயணத்தின் முடிவாகாமல் அடுத்த கடமையின் தொடக்கமாகிறது என்பதையும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் இப்புரிதல் இன்றியமையாததாகிறது என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வேளாங்கண்ணி, ஆற்றுப்படை, நேர்ச்சை, பாதயாத்திரை, விடாமுயற்சி.

முன்னுரை

கிறித்தவ வாழ்வைப் பயணமாகக் காண்பது தமிழுக்குப் புதிதன்று. ஜான் பனியனின் நூலைத் தழுவி எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் (1894), இறைவனை நாடுவோன் வழியில் எதிர்கொள்ளும் இடர்களைக் காப்பியப் பொருளாகக் கொண்டது. அக்காப்பியம் உருவகமாகக் கூறும் வழிநடையை, காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதியில் மக்கள் ஆண்டுதோறும் காலால் நடந்து நிறைவேற்றுகின்றனர். அந்நடையில் தடை பெறும் இடம் யாது என்பதே இங்கு ஆய்வுக்குரியது.

ஆற்றுப்படையில் வழியும் இடரும்

பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுதல் ஆற்றுப்படையின் அடிப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. அவற்றுள் மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு வழியிலுள்ள பொறிகளையும் பாம்புறையும் குழிகளையும் தினைப்புனக் காவலரின் கவண்கற்களையும் விரிவாக எடுத்துரைக்கிறது. இடரை மறைக்காமல் கூறுவதே அங்கு வழிகாட்டுவோனின் நேர்மை. திருமுருகாற்றுப்படையில் நாடப்படும் தலைவன் இறைவனாகிறான், பொருட்பரிசில் அருட்பரிசிலாகிறது. இவ்விரு கூறுகளும் வேளாங்கண்ணி மரபில் ஒன்றிணைகின்றன.

மூன்று கதைகள்

முதற்கதையில், நாகப்பட்டினத்திற்குப் பால் கொண்டு செல்லும் சிறுவன் குளக்கரை ஆலமரத்தடியில் இளைப்பாறுகிறான். அங்குத் தோன்றிய அன்னை தம் குழந்தைக்குப் பால் கேட்க, அவன் கொடுக்கிறான். குறைந்த பாலுடன் தாமதமாகச் சென்று உரியவரிடம் மன்னிப்புக் கேட்கும் வேளையில் கலம் நிரம்பியிருக்கக் காண்கின்றனர். இரண்டாம் கதையில், நடுத்திட்டில் மோர் விற்கும் கால் ஊனமுற்ற சிறுவனிடம் அன்னை மோர் கேட்டுப் பெற்று, நாகப்பட்டினம் சென்று ஒரு செல்வரிடம் தமக்குக் கோயில் எழுப்பச் சொல்லுமாறு பணிக்கிறார். எழுந்தவன் நடக்கிறான். மூன்றாம் கதையில், மக்காவிலிருந்து இலங்கை நோக்கி வந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் புயலில் சிக்கி, செப்டம்பர் 8ஆம் நாள் இக்கரையை அடைந்து கோயில் எடுக்கின்றனர்.

இம்மூன்றிலும் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. அருள் பெறுவோர் அனைவரும் தம் தொழிலில் ஈடுபட்டிருந்தவர்கள். பாற்காரச் சிறுவன் தாமதத்திற்குப் பொறுப்பேற்க அஞ்சவில்லை. தனக்கு நேர்ந்த தடையோடே சென்று சேர்கிறான். மோர் விற்ற சிறுவனுக்கு நலம் தனியே வழங்கப்படவில்லை. தூது என்னும் பணியின் வழியாகவே அது வருகிறது. பெற்றவன் பிறரை நெறிப்படுத்துவதால் அவன் ஆற்றுப்படையில் வழிகாட்டுவோனுக்கு நிகராகிறான். மாலுமிகளும் கரையேறியதோடு அமையாது, பின்வந்த பயணங்களில் பீங்கான் ஓவியத் தட்டுகளைக் கொணர்ந்து பீடத்தை அணிசெய்தனர் என்பது மரபு. ஆகவே, விடாமுயற்சி என்பது உதவி கிட்டும் வரை பொறுத்திருத்தல் மட்டுமன்று. உதவி கிட்டிய பின்னும் தொடர்ந்து செயற்படுதலாகும்.

பாதயாத்திரை

ஆகஸ்டு 29இல் கொடியேற்றத்துடன் தொடங்கி செப்டம்பர் 8இல் நிறைவுறும் பெருவிழாவுக்குக் காவியுடை அணிந்தோர் பல ஊர்களிலிருந்து நடந்து வருகின்றனர். சென்னையிலிருந்து வருவோர் 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கின்றனர். வெயிலும் மழையும் கொப்புளமும் கொண்ட இவ்வழியில் ஊர்தி வசதி இருந்தும் நடையையே தேர்கின்றனர். பேராலயத்திலிருந்து மாதா குளம் வரையுள்ள மணற்பாதையை முழந்தாளிட்டுக் கடப்போரும் உண்டு. தவிர்க்கக்கூடிய துன்பத்தை விரும்பி ஏற்பதால், தடையே இங்கு நேர்ச்சைப் பொருளாகிறது. வழியிலுள்ள ஊர்களில் அவர்களுக்கு நீரும் உணவும் அளிப்போருள் பிற சமயத்தாரும் அடங்குவர். இதனால் தனியொருவரின் நேர்ச்சை வழியோர மக்களின் அறமாகவும் விரிகிறது.

ஆழிப்பேரலை எழுப்பும் வினா

நேர்ச்சைக்கு உடனடிப் பயன் உண்டு என்னும் கருத்தை 2004 டிசம்பர் 26 கடுமையாகச் சோதித்தது. கிறித்து பிறப்பு விழாவின் மறுநாளாகிய அந்த ஞாயிறு காலையில் கடற்கரையில் இருந்த திருப்பயணிகள் பலர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் உயிரிழந்தோர் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர். பேராலயத்திற்குள் கடல்நீர் புகவில்லை என்பதை மக்கள் அருஞ்செயலாகப் போற்றுகின்றனர். ஆயின் அவ்விளக்கம் மட்டுமே நிற்குமாயின், நேர்ச்சை நிறைவேற்ற வந்து மாண்டவர்களுக்கு அது விடை கூறாது. அவர்தம் நம்பிக்கை குறைவுடையதாயிற்று என்னும் கொடிய முடிவுக்கும் அது இட்டுச்செல்லும்.

தூய பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் (5:3-4) துன்பம், மனவுறுதி, தகைமை, எதிர்நோக்கு ஆகியவற்றை ஒரு தொடராகக் கோக்கிறார். அத்தொடரில் இடர்நீக்கம் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. மூன்று கதைகளின் உட்பொருளும் இதனோடு ஒத்திசைகிறது. அவை இடரின்மையை உறுதியளிக்கவில்லை. இடரினிடையே இறைத்துணையையும் அத்துணை பெற்றோரின் கடமையையும் சுட்டுகின்றன. பேரழிவுக்குப் பின்னும் அடுத்த ஆண்டுகளில் பாதயாத்திரை நின்றுவிடாமையை இந்நோக்கிலேயே விளக்க இயலும்.

முடிவுரை

மலைபடுகடாத்தில் வழியின் இடர் பரிசிலுக்கு முன் கடக்க வேண்டியது. வேளாங்கண்ணி மரபிலோ வழியின் இடரே இறைவனுக்கு அளிக்கும் காணிக்கை. பெற்ற அருளோ மீண்டும் வழிக்கே அனுப்புகிறது. ஆற்றுப்படை மரபின் இவ்வளர்ச்சி, தமிழ்க் கிறித்தவ வழிபாட்டை இறக்குமதிச் சமயக்கூறாக மட்டும் காணாமல் தமிழ் இலக்கிய நெறியின் தொடர்ச்சியாகவும் காண இடந்தருகிறது. பாதயாத்திரைப் பாடல்களையும் நேர்ச்சைச் சான்றுகளையும் தொகுத்து ஆராய்வது இத்துறையின் அடுத்த பணியாகும்.