பாட்டு எழுதப் புறப்பட்ட மருமகனுக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

சிரஞ்சீவி மருமகனுக்கு மாமன் ஆசீர்வதித்து எழுதுவது.  

பாட்டு எழுதக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை பிறந்திருப்பதாகவும், இராகத்தில் தொடங்குவதா, யாப்பிலக்கணத்தில் தொடங்குவதா என்று தெரியாமல் தயங்குவதாகவும் எழுதியிருந்தாய். இரண்டும் வேண்டியவையே; ஆனால் என் அபிப்பிராயத்தில், அவ்விரண்டுக்கும் முன்னதாக உனக்குக் கைவர வேண்டியது தாளம். கண்ணால் படிக்கும் கவிதைக்குச் சிறிது இடறினாலும் பிழைத்துக்கொள்ள வழியுண்டு. பாட்டோ காலத்தில் நடப்பது ஆகையால், அதன் ஒவ்வோர் எழுத்துக்கும் தாளத்தில் ஓர் இடம் இருந்தே தீர வேண்டும். பாவு பிணைக்காத தறியில் நாடா எறிந்தவர் நம் வீட்டில் எவருமில்லை என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு நம் ஊரோடு சம்பந்தப்பட்ட இரண்டு சாகித்தியங்களையே திருஷ்டாந்தமாகக் காட்டலாம். ஏகாம்பரநாதர் மீது முத்துஸ்வாமி தீட்சிதர் செய்த கிருதியும் பைரவி. காமாட்சி மீது சியாமா சாஸ்திரிகள் செய்த புகழ்பெற்ற ஸ்வரஜதியும் பைரவி. முன்னது ரூபக தாளத்தில் அமைந்தது; பின்னது மிச்ர சாபு. இராகம் ஒன்றாயிருந்தும் இரண்டின் நடையும் முகமும் வேறு வேறாக இருப்பதற்குத் தாளமும், அதில் சொல் விழுந்திருக்கும் விதமும் பெருங்காரணம். சாஸ்திரிகள் (1762–1827) திருவாரூரில் பிறந்தவரே ஆயினும், காஞ்சியை விட்டு எழுந்தருளி உடையார்பாளையம், திருவாரூர் வழியாகத் தஞ்சை சேர்ந்த பங்காரு காமாட்சிக்கு வழிவழியாகப் பூஜை செய்த குடும்பத்தவர். அவருடைய அந்த ஸ்வரஜதியின் எட்டுச் சரணங்களும் கீழ் ஸட்ஜம் முதல் மேல் ஸட்ஜம் வரை, படிப்படியாக ஒவ்வொரு ஸ்வரத்தில் தொடங்குகின்றன. முதலில் ஸ்வரத்தையும், பிறகு அதே நடையில் சாகித்தியத்தையும் பாடும்போது, ஸ்வரம் நீளுமிடத்தில் எழுத்தும் நீண்டு, அது குறுகுமிடத்தில் இதுவும் குறுகுவதைக் காது கொடுத்துக் கேள். மெட்டுக்குச் சொல் அமைக்கும் வித்தைக்கு அதைவிடச் சிறந்த பாடப்புத்தகம் இல்லை.

அடுத்ததாகச் சந்தம். குமரகோட்டத்தில் ஓதும் திருப்புகழைப் புத்தகத்தில் எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தத்தன, தானன என்று சந்தக் குழிப்பு அச்சாகியிருக்கும். வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898) தம் வண்ணத்தியல்பில் இவற்றை ஆராய்ந்து, தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்று எட்டாக வகுத்துச் சொல்லியிருக்கிறார். ஆரம்பத்தில் உனக்கு இவ்வளவு விஸ்தாரம் வேண்டாம். தனிக் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றடுத்து நிற்கும் குறிலுக்கும் இரண்டு என்று எண்ணப் பழகினால் போதும்.

இனி உன் பாட்டுக்கு வருகிறேன். “அதிகாலைப் பொழுதினிலே நெசவாளர் தறிகளின் இனிய நாதம் கேட்கின்றதே” என்று தொடங்கியிருக்கிறாய். கருத்தில் குற்றமில்லை. ஆனால் ‘பொழுதினிலே’ என்பதன் வாலும் ‘கேட்கின்றதே’ என்பதன் ஏகாரமும் இடத்தை அடைப்பதற்காக வந்தவை. ‘இனிய’ என்று நீ சொல்லிவிட்டபடியால், இனிமையைக் கேட்பவன் தானே உணர இடமில்லாமற் போயிற்று. மிச்ர சாபுவுக்கு ஏழு அட்சரம். அது மூன்றும் நான்குமாகப் பிரியும். ‘தகிட தகதிமி’ என்று கை தட்டிக்கொண்டே இதைச் சொல்லிப் பார்:

ஓடு நாடா இங்கு மங்கும்
பாடு நானும் கூட வாரேன்.

‘ஓடு’ மூன்று, ‘நாடா’ நான்கு. ‘இங்கு’ மூன்று, ‘மங்கும்’ நான்கு. சீர் முடியுமிடத்தில் தாளத்தின் அங்கமும் முடிகிறது. ‘ஓடு’, ‘பாடு’ என்னும் எதுகை, அடியின் தலையில் நின்று காதைக் கட்டுகிறது. இதை உயர்ந்த சாகித்தியம் என்று நான் சொல்ல வரவில்லை. தாளத்தில் வழுக்காமல் நிற்கிறது என்பதே இதற்குள்ள யோக்கியதை. முதல் ஆறு மாதம் நீ அந்த யோக்கியதைக்கு மட்டும் ஆசைப்படு.

மற்றொன்று: மெட்டு நீளுமிடத்தில் குறிலை வைக்காதே. ‘கலை’ என்று நீ எழுதியது பாடுகிறவர் வாயில் ‘காலை’ என்று விடிந்துவிடும். பல்லவியைச் சிறிதாக வை. திரும்பத் திரும்ப வருவது ஆகையால் அதில் பாரம் ஏற்றக் கூடாது. அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஸ்தாயியை நோக்கி ஏறும். பல்லவியில் எழுந்த எண்ணமும் அங்கே ஒரு படி ஏற வேண்டும். சரணத்தில்தான் விவரத்துக்கு இடம்.

அந்த விவரத்தை எங்கே தேடுவது? நிலவும் தென்றலும் ஏற்கெனவே அநேகரிடம் வேலை பார்த்துக் களைத்துப்போயிருக்கின்றன. நீயோ, விடியுமுன் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி போடுவதையும், கோர்வைத் தறியில் உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடுவதையும், கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க உட்கார்ந்த பையன் தூங்கி விழுவதையும் கண்ணாரக் கண்டு வளர்ந்தவன். 29 வயதுக்குள் வாழ்ந்து முடித்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தின் சினிமாப் பாட்டுகள் இன்றும் ஜனங்களின் நாவில் நிற்பதற்கு, அவர் உழைப்பவர்களின் வாழ்வை அவர்கள் பேசும் சொல்லிலேயே சொன்னது முக்கியமான காரணம் அல்லவா?

லயத்தில் சிம்மம் என்று வித்வான்களே கொண்டாடிய நாயனாப் பிள்ளை (1889–1934) பெயரோடு சேர்ந்து நிற்கும் ஊர் இது. இங்கிருந்து போகும் பாட்டு தாளம் தப்பினால் பரிகாசத்துக்கு இடமாகும். ஆகையால், தினம் அரைமணி நேரம் கையில் தாளம் போட்டு, வாயில் தத்தகாரம் சொல்லி அப்பியாசம் செய். காகிதத்தை அதன் பிறகு எடு. அடுத்த கடிதத்தில் முழுப் பாட்டு வேண்டாம். ஈரடிப் பல்லவி ஒன்றும், அதன் மேல் தாளத்தின் பெயரும் எழுதி அனுப்பு. தட்டிப் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.

உன் அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமன்.