மிளகாய் நாற்றழுகல்: நோயை அறிந்து மருந்திடுவீர்

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் கிணற்றுப் பாசனத்தில் மிளகாய் பயிரிடுவோர் நாற்று விட்டு நடுகின்றனர். நேற்றுவரை செழித்திருந்த நாற்றுகள் மறுநாள் காலையில் திட்டுத் திட்டாகச் சாய்ந்து கிடப்பதுண்டு. விதை பழுது என்று பலர் எண்ணுவர். ஆனால் பெரும்பாலும் குற்றம் மண்ணிலேயே இருக்கிறது.

நோய்க் காரணி

இதற்கு முக்கியக் காரணம் பித்தியம் அபானிடெர்மேட்டம் என்னும் நீர்ப்பூசணம். மழை குறைந்த நம் கரிசல் பூமியில் நீர்ப்பூசணமா என வியக்க வேண்டாம். இது தடித்த சுவருடைய வித்துக்களாக வறண்ட மண்ணில் உறங்கிக் கிடக்கும். பாத்தியில் தண்ணீர் தேங்கியதும் விழித்து, நீந்தும் வித்துக்களை வெளியிடும். அவை மண்நீரில் நீந்தி வேரை அடைகின்றன. இப்பூசணக் குடும்பத்தைப் பற்றி பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தின் பட்லர் 1907ஆம் ஆண்டிலேயே விரிவான நூல் வெளியிட்டார்.

கண்டறிவது எப்படி?

சாய்ந்த நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள்.

1. தண்டு மண்மட்டத்தில் நீர்கோத்து மெத்தென்றிருந்து, வேரின் மேல்தோல் உருவினால் கழன்று நடுநரம்பு மட்டும் நூல்போல் நின்றால், அது பித்தியம்.
2. தண்டில் செம்பழுப்பு நிறத்தில் காய்ந்த வடு விழுந்து, அவ்விடம் கம்பிபோல் இளைத்திருந்தால், ரைசாக்டோனியா.
3. அடியில் வெண்ணிற இழைகளும் கடுகு போன்ற உருண்டைகளும் தென்பட்டால், ஸ்கிளிரோசியம்.

இவ்வேறுபாடு ஏன் முக்கியம்? நீர்ப்பூசணங்கள் உண்மையான பூசணங்கள் அல்ல. அவற்றின் செல்சுவரில் செல்லுலோஸ் உண்டு. ரைசாக்டோனியாவுக்குப் பயன்படும் கார்பன்டாசிம் மருந்து பித்தியத்தைக் கட்டுப்படுத்தாது. நோய் அறியாமல் அதை ஊற்றினால் பணமும் போகும், நாற்றும் போகும்.

தடுப்பு முறைகள்

* 15 செ.மீ. உயரமான மேட்டுப்பாத்தி அமைத்து, வடிகால் விடவும். அடர்த்தியாக விதைக்கக் கூடாது.
* ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து, 24 மணி நேரம் கழித்து விதைக்கவும்.
* மாலையில் பாய்ச்சினால் பாத்தி இரவெல்லாம் ஈரமாக இருக்கும். காலையில் பூவாளியால் அளவாகத் தெளிக்கவும்.
* நோய் கண்டால், லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றவும்.

ஐயமிருப்பின், வேரும் மண்ணும் சேர்ந்த நாற்றுகளைக் காயாமல் பாலிதீன் பையிலிட்டு, அருப்புக்கோட்டை அருகே கோவிலாங்குளத்திலுள்ள ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி ஆலோசனை பெறலாம். மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது, செலவில்லாத முதல் வைத்தியம்.