பேருந்தும் பதிவேடும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையின்மீது, காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ளது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் பிறந்த திருத்தலம் என்பது அவ்வூரின் பழம்பெருமை. தொழிற்சாலைகள் சூழ விளங்குவது அதன் புதுப்பெருமை. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டில் ஹூண்டாய் நிறுவனத்தார் கார்களைச் செய்யத் தொடங்கினர். ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டில் ரெனோ-நிசான் தொழிற்சாலையும், 2012-ஆம் ஆண்டில் டெய்ம்லர் நிறுவனத்தின் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பெற்றன.

இத்தொழிற்சாலைகளில் உழைப்போர் அனைவரும் அவற்றின் வாயிலருகே வாழ்பவர் அல்லர். காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம், திருவள்ளூர், செங்கற்பட்டு முதலிய ஊர்களிலிருந்தும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் நாள்தோறும் வந்து செல்வோர் பலர். அவர்களை ஏற்றிவரும் பொருட்டுத் தொழிற்சாலைகள் பேருந்துகளை ஒப்பந்தத்தின்பேரில் வாடகைக்கு அமர்த்துகின்றன. மக்கள் அவற்றைக் 'கம்பெனி பஸ்' என்பர். வழியில் கைகாட்டுவோரை ஏற்றிக்கொள்ளும் உரிமை அவ்வண்டிகளுக்கு இல்லை. ஒப்பந்தத்தில் அடங்கியோரையே அவை ஏற்றலாம். ஐந்தாறு பேருந்துகளை வைத்துத் தொழில் நடத்தும் சிறு உரிமையாளரும் இப்பணியில் ஈடுபட்டுள்ளனர். எந்த வண்டி, எந்நேரத்தில், எவ்வழியே செல்லவேண்டும், அதனை ஓட்டுவோர் யார் என்பவற்றை முன்னரே வகுத்து வைப்பதே அவர்தம் தொழிலுக்கு உயிர்நாடியாகும்.

தொழிற்சாலையில் வேலை இரவு பகலாக நடைபெறுகிறது. காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி என்னும் வேளைகளில் 'ஷிப்ட்' மாறுவது பெருவழக்கு. நகர்ந்து செல்லும் வரிசையில் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய உறுப்பைப் பொருத்துவர். ஒருவர் நிற்குமிடம் வெறுமையானால் அடுத்தவர் வேலையும் தடைப்படும். ஒரு பேருந்து காலம் தாழ்த்தால் ஏறத்தாழ ஐம்பது இடங்கள் ஒருங்கே வெறுமையாகிவிடும். இரவெல்லாம் உழைத்துக் களைத்தவர் வீடு திரும்பவும் இயலாது காத்திருக்க நேரும்.

அரசன் ஒரு செயலை மேற்கொள்ளுமுன் அறியவேண்டியவற்றைத் திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்த மூன்று அதிகாரங்களில் வகுத்துரைத்தார். அரசர்க்கு உரியனவாகிய அவை, ஆறு பேருந்துகளை உடைய ஒருவர்க்கும் நன்கு பொருந்தும்.

முதலாவது, வலியறிதல். ஆறு வண்டிகள் உள்ளன என்பதால் ஆறு வண்டிகளுக்கும் வாக்களித்தல் தகாது. சக்கரத்தில் காற்று இறங்கலாம், தடைக்கருவி பழுதாகலாம், தகுதிச் சான்று பெறுதற்கு வண்டி ஒருநாள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் செல்ல நேரலாம். ஆதலின், ஐந்துக்கு வாக்களித்து ஒன்றைக் கைக்காவலாக வைத்திருப்பதே அறிவுடைமை. சும்மா நிற்பதுபோல் தோன்றும் அவ்வண்டிதான் மற்ற ஐந்தின் நாணயத்தைக் காக்கிறது.

இரண்டாவது, காலமறிதல். காஞ்சிபுரத்திலிருந்து ஒரகடம் செல்லும் ஒரு பேருந்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது விடியற்காலை 4.15 மணிக்குப் புறப்பட்டு, முதல் ஷிப்டுக்கு உரியோரைச் சேர்த்துவிட்டு, இரவு வேலை முடிந்தோரை ஏற்றிக்கொண்டு 7.45 மணிக்குத் திரும்புகிறது. அவ்வாறே பகல் 12.15 மணிக்குச் சென்று 3.45 மணிக்கும், இரவு 8.15 மணிக்குச் சென்று 11.45 மணிக்கும் திரும்புகிறது. வண்டி இவ்வாறு மும்முறை சென்று வருதல் கூடும். ஆனால் ஓட்டுநர் ஒருவரே மும்முறையும் செல்லலாமோ? சென்றால் அவர் உறங்குதற்குக் கிடைப்பது நான்கரை மணி நேரமே. அதிலும் வீடு சேர்தலும், உணவு கொள்ளலும், மீண்டும் புறப்படுதலும் அடங்கும்.

இரும்பு இளைப்பாறாது ஓடலாம். மனிதன் அங்ஙனம் இயங்க இயலாது. இவ்வுண்மையைக் கருதியே 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரமே பொதுவாக வேலை என வரையறுத்தது. ஒருநாள் வேலை முடிவுக்கும் மறுநாள் வேலைத் தொடக்கத்துக்கும் இடையே தொடர்ந்து 9 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே, மேற்கூறிய பேருந்துக்கு ஓட்டுநர் இருவர் வேண்டும். ஒருவர் விடியற்காலையும் நண்பகலும் ஓட்ட, மற்றவர் இரவில் ஓட்டுவர்.

இங்கேதான் உரிமையாளரின் உள்ளம் சோதனைக்கு உள்ளாகிறது. ஆவணி மாதத்து முகூர்த்த நாளொன்றில், காலை 8 மணிமுதல் 12 மணிவரை மணமகன் வீட்டாரை அழைத்துச் செல்லப் பேருந்து வேண்டுமென ஒருவர் கேட்டு வருகிறார். நல்ல வாடகையும் தர முன்வருகிறார். பதிவேட்டைப் புரட்டினால் அந்நேரத்தில் வண்டி சும்மா இருப்பது தெரிகிறது. ஆனால் ஓட்டுவார் யார்? முதல் ஓட்டுநர் அப்பொழுதுதான் திரும்பி இளைப்பாறுகிறார்; நண்பகலில் மீண்டும் செல்லவேண்டும். இரண்டாமவர் முன்னிரவு 11.45 மணிக்கு வேலை முடித்தவர், காலை 8.45 மணிவரை அவருக்கு ஓய்வு வேண்டும். மேலும், திருமண விருந்து குறித்த வேளையில் முடிவது அரிது. கைக்காவல் வண்டியை அனுப்பினாலோ, மற்ற ஐந்துக்கும் துணையில்லை. எனவே, 'அன்று இயலாது' என்று பணிவுடன் கூறி, வேறோர் உரிமையாளரிடம் அவர்களை ஆற்றுப்படுத்துவதே முறை. அவரும் மற்றொரு நாள் அவ்வாறே உதவுவார். தொழிற்சாலை விடுமுறை நாளில் வரும் திருமணத்தைத் தாமே ஏற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, இடனறிதல். ஆளின்றி வண்டி ஓடும் தொலைவு முழுதும் எண்ணெய்ச் செலவே. ஆதலால், இரவில் வண்டியை அலுவலகத்தருகே நிறுத்தாமல், மறுநாள் முதலில் ஆள் ஏறும் ஊரிலேயே நிறுத்துதல் நன்று. ஓட்டுநரின் வீடும் அவ்வூரில் இருப்பின் அவருக்கு உறக்கமும் மிகுதியாகக் கிடைக்கும். தொழிலாளர் வாழுமிடம் மாறினால் வழியும் மாறும். வல்லம் வடகாலில் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய பெருங்குடியிருப்பு திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களிலிருந்து தொழிற்சாலைக்குச் செல்லும் தொலைவு சிறிது. ஆனால் ஒரே வேளையில் ஏறுவோர் பலர்.

இம்மூன்றையும் ஒருங்கே காட்டுவது பதிவேடு. வண்டிக்கு ஒரு கட்டமும், நேரத்துக்கு ஒரு கட்டமும் வைப்பதுபோல, ஓட்டுநரின் ஓய்வுக்கும் ஒரு கட்டம் வேண்டும். வாக்களித்தவுடனே எழுதுதல் வேண்டும். பதிவேடு ஒன்றே இருத்தல் வேண்டும். தந்தை ஒரு கைப்பேசியிலும் மகன் மற்றொரு கைப்பேசியிலும் வாக்களித்து, இருவரும் எழுதாது விட்டால், ஒரே வண்டி ஒரே நேரத்தில் இருவர்க்கு உரியதாகிவிடும். இன்று கணிப்பொறியில் பதிவோரும், வண்டி நிற்குமிடத்தைக் காட்டும் கருவியைப் பொருத்துவோரும் உளர். அக்கருவிகளும், எழுதியதையே காட்டும், எழுதாததை அறியா.

கோவை அறிஞர் ஜி. டி. நாயுடு 1920-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்துடன் தொழில் தொடங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதனைத் தாமே ஓட்டினார். பின்னாளில் அவரது நிறுவனம் பல பேருந்துகளுடன் வளர்ந்து, செம்மையாக நடத்தப்படுவதெனப் பெயர் பெற்றது. சிறிய தொழிலும் ஒழுங்கினால் பெரிதாகும் என்பதற்கு அது சான்று.

குறித்த வேளையில் வண்டி வந்து நிற்கும்போது அதன்பின் உள்ள பதிவேட்டை எவரும் நினைப்பதில்லை. எனினும், விடியற்காலை இருளில் சாலையோரம் நிற்கும் பெண்ணின் அன்றாடக் கூலியும், உறக்கம் நிறைந்த ஓட்டுநரின் தெளிந்த கண்ணும், பயணம் செய்யும் ஐம்பதின்மர் உயிரும் அந்த ஏட்டில் நேர்மையாக எழுதப்பட்ட வரிகளையே நம்பியுள்ளன. செய்ய இயல்வதை மட்டும் வாக்களித்து, வாக்களித்ததைத் தவறாது செய்வதே அத்தொழிலின் அறமாகும்.