கைபேசியில் வரும் வகுப்பு

அருணகிரிநாதரின் திருப்புகழ் பெற்ற முருகன் தலம் என்பதே காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லக்கோட்டையின் பழைய அடையாளம். இன்று அவ்வூரைச் சூழ்ந்து திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனத் தொழிற்பூங்காக்கள் பரந்துள்ளன. தொழிலாளரை ஏற்றிய பேருந்தும் கல்லூரிப் பேருந்தும் இங்கு ஒரே சாலையில் செல்கின்றன. கல்லூரிப் பேருந்தில் அமர்ந்தவாறே, தாம் நேரில் கண்டிராத பேராசிரியர் ஒருவரிடம் கைபேசிவழி பாடம் கேட்கும் மாணவர் இப்போது அரியவர் அல்லர்.

இவ்வாய்ப்புக்கு வித்திட்ட திட்டங்களுள் ஒன்று சென்னையோடு நெருங்கிய தொடர்புடையது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003ஆம் ஆண்டு 'என்.பி.டெல்' திட்டத்தைத் தொடங்கின. சென்னை ஐ.ஐ.டி. அதனை ஒருங்கிணைக்கிறது. காணொலிப் பாடங்களாக இருந்தவை 2014 முதல் சான்றிதழ்ப் படிப்புகளாகவும் விரிந்தன. 2017இல் நடுவண் அரசின் 'ஸ்வயம்' தளம் வந்தது. ஒரு பருவத்திற்குரிய பாடங்களில் 20 விழுக்காடு வரை இத்தளத்தில் பயிலலாம் என 2016இல் வகுத்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021இல் அவ்வரம்பை 40 விழுக்காடாக உயர்த்தியது. விரும்பினால் கேட்கலாம் என்றிருந்த காணொலி, பட்டத்தை முடிவுசெய்யும் பாடமாயிற்று. மாணவர் கருத்துகள் கூர்மை பெறுவதும் இங்கேதான்.

விரைந்து செல்லும் விரிவுரையை நிறுத்தி மீண்டும் கேட்கலாம் என்பதே பலரும் பாராட்டும் வசதி. தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து ஆங்கிலவழிக் கல்லூரிக்கு வந்த மாணவருக்கு இது சிறிய உதவியன்று; நிறைந்த வகுப்பில் எழுந்து, "மீண்டும் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்கும் தயக்கம் இங்கில்லை. ஆனால், நிறுத்திய இடத்தில் எழும் ஐயத்தைக் காணொலியிடம் கேட்க இயலாது. தளத்தின் கலந்துரையாடல் பகுதியில் எழுதினாலும் விடை உடனே வருவதில்லை. வாராந்தர ஒப்படைவின் விடைகளை நண்பரிடமிருந்து அப்படியே பெறுவோரும் உளர். சான்றிதழ் கைக்கு வரும், பாடம் வராது.

தொடங்குவோர் பலர், முடிப்போர் சிலர் என்பது இக்கல்வியின் உலகளாவிய இயல்பு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 2012இல் நடத்திய மின்சுற்றுகள் பற்றிய இணையப் படிப்பில் ஏறத்தாழ 1,55,000 பேர் பதிவுசெய்தனர்; சான்றிதழ் பெற்றவர் 7,157 பேரே. என்.பி.டெல் படிப்பில் வாராந்தர ஒப்படைவுக்கு 25 விழுக்காடும், மாணவர் நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 விழுக்காடும் வழங்கப்படுகின்றன. கெடுநாள் குறித்து மாணவர் முணுமுணுப்பது இயல்பே. அக்கெடுநாள் இல்லையேல் அவர்களுள் பலர் மூன்றாம் வாரத்தைத் தாண்டார்.

கல்லூரிதோறும் நிலை ஒன்றன்று. இணையப் பாடத்திற்கு வழிகாட்டும் ஆசிரியரை அமர்த்தி, வாரத்தில் ஒருமணி நேரம் ஐயம் தீர்க்கும் கல்லூரியில் மாணவர் அப்பாடத்தைக் கூடுதல் வகுப்பாகக் கொள்கின்றனர். ஆசிரியர் இல்லாத குறையை மறைக்கக் காணொலியைக் காட்டும் கல்லூரியில் அதுவே சுமையாகிறது. தளத்தைக் குறைகூறும் மாணவர் உண்மையில் குறைகூறுவது அந்த ஏற்பாட்டையே.

ஒரகடத்தைச் சூழ்ந்து பயிலும் இயந்திரவியல் மாணவருக்கு மற்றொன்றும் தெரியும். இயந்திரக் கை உலோகத் தகடுகளைப் பற்றவைக்கும் முறையை எட்டு வாரக் காணொலி தெளிவாக விளக்கிவிடும். சாலைக்கு அப்பாலுள்ள தொழிற்சாலையில் ஒருநாள் நின்று, தீப்பொறி சிதறுவதையும் பற்றவைப்பில் குறை கண்ட தகடு ஒதுக்கப்படுவதையும் பார்த்து வந்தவர், மறுநாள் வகுப்பில் கேட்கும் கேள்விகள் வேறு.