வேரோடு மண்ணும் வேண்டும்



நாற்றங்காலில் வளரும் செம்பனைக் கன்றை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ ஓராண்டு பையில் வளர்ந்த கன்றை நிலத்தில் நடும்பொழுது, பையை மட்டும் கிழித்து அகற்றுவர். வேரைப் பற்றியுள்ள மண்ணை உதிரவிடமாட்டார்கள். மண் உதிர்ந்தால் மெல்லிய வேர்கள் அறும், கன்று வாடும். பையைக் கிழிக்காமல் நட்டாலோ, வேர் புதுமண்ணில் இறங்க வழியிராது. ஊர்விட்டு ஊர் சென்று வாழ்வோர்க்கும் இதுவே பாடம்.

இரப்பரும் இந்நாட்டிற்குப் பெயர்த்துக் கொணர்ந்த பயிரே. 1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளிலிருந்து அது பெருகியது. அம்மரத்தில் பால்வெட்டத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் கப்பலேறி வந்தனர். பின்னர்ப் பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வேறு பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 1970-ஆம் ஆண்டுகள் தொடங்கி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோலாலம்பூர், கிள்ளான், ஜொகூர் பாரு முதலிய நகரங்களுக்குப் பெயர்ந்தன.

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு. வெயில் ஏறினால் பால் குறையுமாதலால், இருளிலேயே வெட்டுக்குச் செல்வர். தாய் வேலைக்குச் சென்றால் பிள்ளையை ஆயாக் கொட்டகை காத்தது. பையன் செய்த குறும்பு, அவன் வீடு சேருமுன் அம்மாவின் காதை எட்டிவிடும். ஆயினும் லயத்து வீடு வேலைக்குரியது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இதனை மறந்து தோட்ட வாழ்வைப் பொன்னுலகம் எனப் போற்றுதல் தகாது.

நகரத்தில் வாடகை, மின்சாரம், பேருந்துக் கட்டணம் அனைத்திற்கும் கணக்குண்டு. தந்தைக்கு இரவு வேலை, தாய்க்குப் பகல் வேலை. பிள்ளையைக் கவனிக்க அயலார் கண்ணில்லை. சில பிள்ளைகள் வழி தவறுவதும் இங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன், தோட்டத்திலிருந்து மாறிவந்த மாணவன் ஒருவன் என் வகுப்பில் சேர்ந்தான். 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஏடு வெறுமையாகவே இருந்தது. "ஐயா, எந்த ஊரை எழுதுவது? தோட்டத்தில் எங்கள் வீட்டை இடித்துவிட்டார்கள். இங்கே எனக்கு யாரையும் தெரியாது" என்றான். "இரண்டையும் எழுது" என்றேன். மறுநாள் நான்கு பக்கம் எழுதி வந்தான். அதனை வகுப்பில் படித்த அன்றுதான் அவனுக்கு முதல் நண்பன் கிடைத்தான்.

ஆகவே, நகருக்கு வருவோர் தாய்மொழி, உறவு, ஊர்த் திருவிழா ஆகிய மண்ணை உதிரவிடலாகாது. ஆண்டுக்கொரு முறையேனும் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் அழைத்துச் செல்க. அதேபோழ்து வேரும் இறங்க வேண்டும். மலாய்மொழியை நன்கு கற்க. அண்டை வீட்டார் எவ்வினத்தவராயினும் பெயரறிந்து பழகுக. பிறப்புப் பத்திரத்தையும் பள்ளி மாற்றுக் கடிதத்தையும் மறவாது கொணர்க. சொந்த வீட்டிற்கென மாதந்தோறும் சிறுதொகை சேர்க்க. 1960-ஆம் ஆண்டில் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறுபணத்தைத் திரட்டியே தோட்டங்களை வாங்கியதன்றோ!

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். தோட்டங்கள் பலவற்றிற்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று. நம்மவர் வழங்கிய தமிழ்ப்பெயர் வேறொன்று. உங்கள் பாட்டி வாழ்ந்த தோட்டத்தின் தமிழ்ப்பெயர் யாது? அப்பெயர் எவ்வாறு வந்தது? கேட்டு ஏட்டில் எழுதுங்கள். அதனைச் சொல்ல இன்று பாட்டி இருக்கிறார். நாளை உங்கள் ஏடுதான் இருக்கும்.